முதியோர் இல்லத்தில் ஒரு கோல மேஜை

தனிமை என்றதும், ஆளில்லாத வீட்டில் ஒருவர் ஒற்றையாய் உட்கார்ந்திருப்பதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் முப்பது பேர் ஒரே பந்தியில் சாப்பிடுகிற இடத்திலும் தனிமை உண்டு. முதியோர் இல்லத்துக்குப் போய்வந்த சகோதரிகளுக்கு இது தெரிந்திருக்கும். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, டி.வி. எல்லாம் இருக்கும். "இன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கத்தான் ஆள் இருக்காது. கேட்டாலும், சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

காலமெல்லாம் அடுப்படி, பிள்ளைகள், நல்லது கெட்டது என்று ஓடிய கைகளுக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போவதுதான் இந்தத் தனிமையில் பாதி. பக்கத்துக் கட்டில்காரரோடு பேச விஷயம் இல்லாதது மீதிப் பாதி. இரண்டுக்கும் கைகொடுப்பது, பலர் கூடி ஒரே மேஜையில் செய்கிற கைவேலை. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஓர் இல்லத்துக்குப் போய் வருகிறோம். கோலம், காகிதப் பூ, துணி ஒட்டிச் செய்யும் படம், வாட்டர் கலர் என்று பலதும் நடக்கிறது. அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

ஏன் கூட்டாக?

ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால், "எனக்கென்ன தெரியும்?" என்று மூடி வைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய கோலம் என்றால் கதையே வேறு. கறுப்புப் பெயின்ட் அடித்த பலகையை மேஜைமேல் போடுகிறோம்; யாரும் குனிய வேண்டாம். ஒருவர் புள்ளி வைக்கிறார். "பதினஞ்சு புள்ளி, எட்டுல நிறுத்தணும்" என்று இன்னொருவர் கணக்குச் சொல்கிறார். "எங்க தஞ்சாவூர்ப் பக்கம் இப்படி இழுக்க மாட்டோம்" என்று ஒரு குரல். "திருநெல்வேலியில இப்படித்தான்" என்று பதில். அந்தச் செல்லச் சண்டைதான் மருந்து! கோலம் முடிவதற்குள் யார் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. அமெரிக்காவில் ஜீன் கோஹன் என்ற மனநல மருத்துவர், 2001இல் தொடங்கி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். வாஷிங்டனில் ஒரு பிரிவினர் வாரந்தோறும் கூடிப் பாடினார்கள். மற்றொரு பிரிவினர் வழக்கம்போல் இருந்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, பாடியவர்கள் டாக்டரிடம் போனதும், கீழே விழுந்ததும் மற்றவர்களைவிடக் குறைவு. தனிமை உணர்வும் குறைந்தே இருந்தது. அவர்கள் இல்லங்களில் இருந்தவர்கள் அல்ல, சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள். ஆனாலும், கூடிச் செய்யும் கலைக்கு உள்ள பலம் இதிலிருந்து நமக்குப் புரிகிறதல்லவா?

கதவோரத்துப் பாட்டி

எங்கள் இல்லத்தில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர். மூன்று மாதமாக மேஜைக்கே வரவில்லை. கதவோரம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். "சோத்தையும் பாதியில வச்சுடறாங்கம்மா" என்று ஆயா கவலைப்பட்டாள். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் பாட்டி வர மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"அவர் போனப்புறம் நான் கோலமாவைத் தொடலை, கண்ணு. முப்பத்தோரு வருஷமாச்சு. வீட்டுல வேண்டாம்னுட்டாங்க."

எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. சொன்னது அவரைவிட மூத்த இன்னொரு பாட்டி. அவரும் கணவரை இழந்தவர்தான். "இங்க யாரு வந்து உன்னைக் கேக்கப் போறா? எனக்குக் கை நடுங்குது. நீ வந்து இந்த நாலாவது வரிசையை முடிச்சுக் குடு" என்றார்.

வந்தார். இழை துளிகூடப் பிசகவில்லை. இப்போது புள்ளிக் கணக்கில் அவர் சொல்வதுதான் சட்டம். மகன் வருவது இன்றும் பொங்கலுக்கு ஒருமுறைதான். கோலம் அதை மாற்றிவிடவில்லை. ஆனால் இப்போது அவர் சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு சிநேகிதி இருக்கிறார். தட்டில் சோறு மிஞ்சுவதில்லை என்கிறாள் ஆயா.

நீங்களும் தொடங்கலாம்

* இல்லத்து நிர்வாகியிடம் முதலில் அனுமதி பெறுங்கள். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். காத்திருக்க ஒரு நாள் இருப்பதே அவர்களுக்குத் தெம்பு.

* ஒரு மேஜைக்கு ஆறு முதல் எட்டு பேர் போதும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

* மூட்டுவலிக் கைகளுக்கு மெல்லிய தூரிகை ஆகாது. பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். பார்வை மங்கியவர்களுக்குக் கறுப்பின்மேல் வெள்ளை நன்றாகத் தெரியும்.

* கோலமாவு தரையில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்புக்கே ஆபத்து.

* "அச்சா, சமத்து!" என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பாராட்டாதீர்கள். "இந்த வளைவு எப்படிப் போட்டீங்க?" என்று கேளுங்கள். சொல்லிக் கொடுப்பதில்தான் அவர்களுக்குப் பெருமை.

* வேலையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அடுத்த வாரம் வருவதற்கு அது ஒரு காரணம்.

* ஆண்களை மறக்க வேண்டாம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட, காகிதம் வெட்ட ஒரு ரிட்டையர்டு கிளார்க்கைவிடப் பொருத்தமானவர் யார்?

ஒரு வேலை கையைவிட்டுப் போனால் இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் பாட்டி மோசஸ் என்ற குடியானவப் பெண், மூட்டுவலியால் எம்பிராய்டரி ஊசி பிடிக்க முடியாமல் போனபின், எழுபது வயதுக்கு மேல் தூரிகை எடுத்தார். 1961இல் தம் 101ஆம் வயதில் மறையும்போது உலகறிந்த ஓவியர்!

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வாரக் கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் யாராவது வாடினால், கலை போதும் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் இல்லத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக் கூடத்திலேயே மாமியாரோ, தாயாரோ, அடுத்த வீட்டுத் தாத்தாவோ இருக்கலாம். வருகிற விடுமுறையில் குழந்தைகளையும் அவர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, நடுவில் ஒரு பெரிய காகிதத்தைப் போட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.