ஊசி போட்ட மாடு: பாலுக்கும் கறிக்கும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?



கறி வாங்கும்போது ஹலாலா என்று கேட்கத் தவறாதவர்கள் நாம். ஆனால் திருக்குர்ஆன் ஹலால் என்பதோடு 'தய்யிப்', அதாவது தூய்மையானது என்பதையும் சேர்த்தே கூறுகிறது. அந்த வகையில் நாம் கேட்க வேண்டிய, ஆனால் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்த மாட்டுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள்?

மடிநோய், காய்ச்சல், குளம்புப் புண் வந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுப்பதில் தவறில்லை. வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் செய்வது வளர்ப்பவரின் கடமை. ஆனால் அந்த மருந்து அன்றே உடலை விட்டுப் போய்விடாது. பாலிலும் இறைச்சியிலும் கலந்து, சிறிது சிறிதாகவே வெளியேறும். ஈரல், குண்டிக்காய், ஊசி குத்திய இடம் ஆகியவற்றில் கூடுதலாகத் தங்கும்.

அதனால்தான் பாலையும் இறைச்சியையும் பயன்படுத்துமுன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருந்தின் லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2012-இல் மத்திய அரசு விதி செய்தது. இந்த நாள் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். தனியாகக் கணக்கிடப்படாத மருந்தானால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்பது சட்டம்.

"காய்ச்சித்தானே குடிக்கிறோம், வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்" என்று சிலர் கேட்கலாம். சூட்டில் கிருமிகள் சாகும். பல மருந்துகள் முழுதாக அழிவதில்லை. மருந்து கலந்த பாலில் தயிர் சரியாக உறையாமல் போவதுண்டு. ஆனால் தயிர் உறைந்துவிட்டது என்பதால் பாலில் மருந்தில்லை என்றும் ஆகாது.

இதனால் என்ன கெடுதி? பெனிசிலின் ஒவ்வாதவருக்குச் சிறிதளவே அரிப்பு, தடிப்பு முதலியவற்றை உண்டாக்கலாம். அதைவிடப் பெரிய கேடு, கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுவது. பிறகு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து வேலை செய்யாது. மனிதருக்குக் கடைசித் துணையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019-இல் இந்திய அரசு தடை விதித்தது இதற்காகவே.

பீதி தேவையில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல்தான் ஆன்டிபயாடிக் அளவுக்கு மீறி இருந்தது. எனினும் ஒரு மாட்டின் பால் ஒரு கேனில் சேர்ந்தால், அந்தக் கேனில் வாங்கும் எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.

நாம் செய்யக்கூடியவை:

மாடு வளர்ப்போர், மருத்துவரிடம் "பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது?" என்று கேட்டு, ஊசி போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். விலக்க வேண்டிய பாலைத் தயிராகவோ நெய்யாகவோ மாற்றியும் விற்காதீர்கள். வைத்தியத்துக்குத் தேறாத மாட்டை அவசரமாகக் கறிக்குத் தள்ளிவிடுவது, குறையை மறைத்து விற்பதாகும்.

குர்பானிக்கு வாங்குவோர், கடைசி 28 நாட்களில் ஊசி, மருந்து ஏதும் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். வெளிப்படையாக நோயுள்ள பிராணி குர்பானிக்குத் தகாது என்பதை அறிவீர்கள். ஊசியால் தற்காலிகமாகத் தெம்பாக நிற்கும் பிராணியிடமும் கவனம் தேவை.

பால் வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் நம் சகோதரிகள் பலருக்கு ஏழு நாள் பாலைக் கொட்டுவது என்றால் ஏழு நாள் அடுப்பு எரியாது. "மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது, இந்த வாரம் பால் இல்லை" என்று உண்மையைச் சொல்பவரிடம் வாடிக்கையை நிறுத்தினால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். அந்த நாட்களுக்கான காசில் ஒரு பங்கையாவது கொடுத்து விடுங்கள். அது அவருக்கு உதவி. நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, தூய்மையான உணவை வழங்குவானாக. ஆமீன்.

– செயலாளர்