காசெல்லாம் மண்ணுக்கடியில்

ஏப்ரல் பிறந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் இங்கிலாந்துக் கொத்தனார்களுக்குக் கை ஓயாத வேலை வந்துவிடும். பின்கதவைத் திறந்தால் புல்தரைக்கு முன்னால் ஒரு மேசை, நாலு நாற்காலி போட்டு உட்காரக் கல் பாவிய தளம் ஒன்று வேண்டும். அதுதான் பேட்டியோ. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. சமையலறையைப் புதுப்பித்து, குளியலறையை மாற்றி முடித்த வீட்டில் அடுத்த செலவு பெரும்பாலும் இதுதான்.

ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இருபது சதுர மீட்டர். மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டால் ஒருவர் 1,800 பவுண்டு என்பார், அடுத்தவர் 3,500 என்பார், மூன்றாமவர் 5,000 என்று எழுதித் தருவார். மூவரும் காட்டும் கல் ஒன்றாகவே இருக்கும். முதல் ஆள் நல்லவர், மூன்றாமவர் கொள்ளைக்காரர் என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் மூவரும் விலை சொன்னது ஒரே வேலைக்கு அல்ல. கல்லுக்குக் கீழே எதைப் போடுவார்கள், எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள் என்பதில்தான் இந்தப் பணம் கூடிக் குறைகிறது.

தோண்டுவதிலிருந்தே தொடங்குவோம். நன்றாகப் போட்ட தளத்தில் மேலே 22 மில்லிமீட்டர் கல், அதன் கீழே நாற்பது மில்லிமீட்டர் அளவு சிமெண்டுக் கலவை, அதற்கும் கீழே 100 மில்லிமீட்டர் கெட்டித்த ஜல்லி இருக்க வேண்டும். கூட்டினால் பதினாறு சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவுதானே என்று தோன்றும். இருபது சதுர மீட்டருக்கு அந்த ஆழம் தோண்டினால் மூன்று கன மீட்டருக்கு மேல் மண் வெளியே வரும், எடை ஐந்து டன்னைத் தாண்டும். வெட்டிய மண் உப்பிக்கொள்வதால் அது நாலு கன மீட்டர் இடத்தை அடைக்கும். தள்ளுவண்டியில் அள்ளினால் அறுபது நடை.

லண்டனின் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள். பக்கவாட்டில் சந்து கிடையாது. அந்த அறுபது நடையும் சமையலறை வழியாக, கூடத்தின் வழியாக, கம்பளத்தின் மேல் பலகை போட்டு வாசலுக்குப் போக வேண்டும். வாசலில் ஸ்கிப் எனப்படும் இரும்புத் தொட்டி நிற்கும். எட்டு கன கஜத் தொட்டிக்கு வாடகை லண்டனில் 300 பவுண்டை ஒட்டி வரும். அதை வீட்டு வளாகத்துக்குள் வைக்க இடமில்லாமல் தெருவில் நிறுத்தினால் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிச் சீட்டுக்குத் தனிக் கட்டணம். சந்துள்ள வீட்டுக்கும் சந்தில்லாத வீட்டுக்கும் கூலியில் ஒரு முழு நாள் வித்தியாசம் வருவது இதனால்தான்.

அடுத்தது ஜல்லி. இங்கே அதை 'டைப் ஒன்' என்பார்கள். 40 மில்லிமீட்டர் கல்லிலிருந்து தூசி வரை எல்லா அளவும் கலந்த உடைகல். பெரிய கல் தாங்கும், தூசி இடுக்கை நிரப்பும். நம் ஊரில் திமிசு போட்டு இறுக்குவதுபோல் இங்கே வேக்கர் பிளேட் என்ற அதிரும் இயந்திரத்தை ஓட்டி இறுக்குகிறார்கள். இருபது சதுர மீட்டருக்கு நாலு டன்னுக்கு மேல் தேவைப்படும். பெரிய மூட்டைகளில் வாங்கினால் ஐந்தாறு மூட்டை, ஒவ்வொன்றும் 50 முதல் 70 பவுண்டு. 1,800 சொன்ன ஆள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். அவர் ஐந்து சென்டிமீட்டர் சுரண்டிவிட்டு, மணலைப் பரப்பி, அதன்மேல் கல்லை வைப்பார். போட்ட அன்றைக்கு இரண்டு தளத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் வீங்கும். இரண்டு பருவம் கழிந்ததும் ஒரு கல் ஆடும், அடுத்த கல் அமுங்கும், நாற்காலிக் கால் தட்டும். களிமண் மோசமாக இருக்கும் இடத்தில் 100 மில்லிமீட்டர் ஜல்லியும் போதாது, 150 வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்குள்ள வீட்டுச் சுவர்களில் ஈரம் மேலே ஏறாமல் தடுக்க டி.பி.சி. என்ற அடுக்கு செங்கல் வரிசைகளுக்கு இடையில் போகிறது. வெளித்தளத்தின் மேல்மட்டம் அந்த அடுக்குக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும், அதாவது இரண்டு செங்கல் வரிசை. பழைய தளத்தை உடைக்காமல் அதன் மேலேயே புதுக் கல்லைப் பாவி வேலையைச் சுருக்கமாக முடிப்பவர்கள் இந்த இடைவெளியைத் தின்றுவிடுவார்கள். தெறிக்கும் மழைநீர் அடுக்கைத் தாண்டிச் சுவருக்குள் போகும். கூடத்துச் சுவரில் காறை உப்பும்போது யாருக்கும் பேட்டியோ ஞாபகம் வராது. மாறாகக் கூரையை, குழாயை, சன்னலைச் சந்தேகப்பட்டுக் காசு செலவழிப்பார்கள்.

வாட்டத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுபதுக்கு ஒன்று முதல் எண்பதுக்கு ஒன்று வரை தளம் வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். நாலு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம், அவ்வளவுதான். கொத்தனார் ரசமட்டத்தை எத்தனை முறை கீழே வைக்கிறார் என்பதைக் கவனித்தாலே அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று தெரிந்துவிடும்.

கலவையிலும் ஒரு சூட்சுமம். ஒவ்வொரு கல்லுக்கும் அடி முழுக்கக் கலவை பரப்பி உட்கார்த்துவதுதான் சரியான முறை. சிலர் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போவார்கள். கலவையும் நேரமும் மிச்சம். ஆனால் உருண்டைகளுக்கிடையே தண்ணீர் தேங்கும், பனியில் உறைந்து விரியும். வெளிர்நிறக் கல்லாக இருந்தால் ஐந்து வட்டக் கறையும் மேலே தெரியும். கல்லைக் கட்டைவிரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் அடியில் வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரியும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்த இருபது சதுர மீட்டர் வேலைக்கு நான் போடும் கணக்கு இது. தொட்டி 300, ஜல்லி 300, மணலும் சிமெண்டும் 200, இணைப்புக்கான பூச்சு 80. கல்லுக்குச் சதுர மீட்டர் முப்பது பவுண்டு வீதம், வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 660. இரண்டு ஆள், நாலைந்து நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 200 பவுண்டு கூலி என்றால் சுமார் 1,800. கூட்டினால் 3,300ஐத் தாண்டுகிறது. நிறுவனம் வாட் வரிக்குப் பதிவு செய்திருந்தால் அதன்மேல் இருபது சதவீதம். ஆண்டு வியாபாரம் 90,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு கொத்தனாருக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. அவர் சட்டப்படியே மலிவாகச் சொல்ல முடியும். ஊருக்கு ஊர் இந்த எண்கள் மாறும். லண்டனைவிட்டு வடக்கே போகப்போகக் கூலி இறங்கும். மாறாதது விகிதம். கல்லின் விலை மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான். வீட்டுக்காரர்களோ வாரக்கணக்கில் யோசிப்பது அந்த ஐந்தில் ஒன்றைப் பற்றித்தான்: சாம்பலா, பழுப்பா, வெளிர்பச்சையா?

அந்தக் கல்லின் கதை தனி. இங்கிலாந்தில் பேட்டியோவுக்கென்றே பேர் போனது யார்க்‌ஷயர் மணற்கல். அதன் விலை எட்டாக்கனி. 1990களிலிருந்து அந்த இடத்தைப் பிடித்தது ராஜஸ்தான் மணற்கல். கடையில் 'ராஜ் கிரீன்', 'ஆட்டம் பிரவுன்', 'கண்ட்லா கிரே' என்று பெயர் போட்டு வைத்திருப்பார்கள். கண்ட்லா என்பது குஜராத்தில் இருக்கும் துறைமுகம். கல் வருவதோ பூந்தி, கோட்டா, பில்வாரா பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து. நம் வீடுகளில் தரைக்குப் போடும் கோட்டா கல் சுண்ணாம்புக்கல், இது மணற்கல். ஆனால் இரண்டும் ஒரே வட்டாரத்துச் சரக்கு. விந்தியப் பாறை ஏடு ஏடாகப் படிந்தது. உளியை விளிம்பில் வைத்துச் சம்மட்டியால் தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். அந்தக் கையால் பிளந்த மேடுபள்ளத்துக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

ஆயிரக்கணக்கான கடல் மைல் தாண்டி, லாரியும் கப்பலும் மாறி வந்தும் உள்ளூர் யார்க்‌ஷயர் கல்லைவிட இது மலிவாக இருப்பது எப்படி? சுரங்கத்தில் கொடுக்கும் கூலி ஒரு பதில். மணற்கல்லைத் துளைத்தாலும் அறுத்தாலும் பறப்பது சிலிக்காத் தூசி. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் நோய்க்கு மருந்து கிடையாது; நுரையீரல் மெல்லத் தழும்பேறி இறுகிப் போகும். வெகுகாலம் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ராஜஸ்தான் அரசு 2019இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் தொழிலாளிக்கு மூன்று லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். பூந்தி மாவட்டத்தின் புத்பூராவில் சுரங்கக் கழிவைக் கொத்திச் சிறு சதுரக் கற்களாக்கும் வேலையில் பெண்களும் சிறுவர்களும் ஈடுபடுவதை ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. அந்தச் சதுரக் கற்கள் ஐரோப்பிய நடைபாதைகளுக்கும் தோட்ட ஓரங்களுக்கும் போகின்றன.

பிரிட்டனில் இதே கல்லை அறுக்கும் கொத்தனார் தண்ணீர் பீய்ச்சும் ரம்பத்தையும் முகமூடியையும் பயன்படுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். தெருவில் போகும்போதே வெள்ளைப் புகை மண்டலத்துக்குள் நின்று அறுப்பவர்களைப் பார்க்கலாம். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டப்படி ஆண்டு வருவாய் 3 கோடியே 60 லட்சம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தங்கள் சரக்கு வரும் வழியில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். சிறு இறக்குமதியாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சதுர மீட்டருக்கு மூன்று நாலு பவுண்டு கூடக் கொடுத்து, சுரங்கத்தின் பெயரைச் சொல்லக்கூடிய கடையில் வாங்கினால் மொத்தச் செலவு 90 பவுண்டுக்கு மேல் ஏறாது. 3,300 பவுண்டு வேலையில் இது ஒரு பொருட்டா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில்.

கல் வேண்டாம் என்பவர்கள் இப்போது போர்சிலின் பலகைக்குப் போகிறார்கள். இருபது மில்லிமீட்டர் தடிமன், பாசி பிடிக்காது, கறை ஒட்டாது. ஆனால் அது தண்ணீரை உறிஞ்சாது என்பதால் சாதாரணக் கலவையையும் பிடித்துக்கொள்ளாது. ஒவ்வொரு பலகையின் முதுகிலும் ஒட்டுப்பசை பூச வேண்டும். அறுக்க வைரப்பல் தட்டு வேண்டும். கூலி கூடும். கான்கிரீட் பலகை எல்லாவற்றிலும் மலிவு, நிறம் மங்கிவிடும்.

தளம் போட அனுமதி வேண்டுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில். தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தினால் வேண்டும். வீட்டின் முன்பக்கத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, வழியும் நீரைத் தெருவுக்குத் திருப்பினால் அதற்கும் அனுமதி வேண்டும். 2007ஆம் ஆண்டு வெள்ளம் தந்த பாடத்தால் 2008 அக்டோபரில் வந்த விதி இது. பின்பக்கத்துக்கு அந்த விதி இல்லை. இருந்தாலும் கொல்லை முழுவதையும் கல்லால் மூடுகிற நம்மவர் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. புல் வெட்டும் வேலை மிச்சம் என்கிறார்கள். மிச்சமான அந்த நேரம் பாசி தேய்ப்பதில் போய்விடுகிறது.

கடைசியாகக் காசு கொடுக்கும் முறை. "பக்கத்துத் தெருவில் வேலை முடித்தோம், கல் மிச்சம் இருக்கிறது" என்று கதவைத் தட்டுகிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒப்பந்தம் போடும் வியாபாரியிடம் 14 நாளுக்குள் ரத்துசெய்யும் உரிமை பொதுவாக உங்களுக்கு உண்டு. விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டினால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி வங்கியும் பொறுப்பேற்க வேண்டும். விலைப்பட்டியலில் கல்லின் பெயரை மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் தோண்டுவார், எத்தனை மில்லிமீட்டர் ஜல்லி இறுக்குவார், கலவை அடி முழுக்கவா உருண்டையா, வாட்டம் எந்தப் பக்கம், மண்ணை யார் அள்ளிப் போவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஜல்லி போட்டு முடித்த அன்று மாலை ஒரு அளவுகோலோடு போய் நின்று பாருங்கள், படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கல் மூடிவிட்டால் பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்வதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மழை ஒன்று பெய்து, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓடுவதைப் பார்த்த பிறகு அதைக் கொடுங்கள். இங்கிலாந்தில் அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டி வராது.