கெட்ட மீன் பறிமுதல்: சட்டம் நமக்குத் தரும் உரிமை என்ன?

மீன் சந்தையில் அதிகாரிகள் திடீர் சோதனை, இத்தனை கிலோ கெட்ட மீன் பறிமுதல் என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். பிடிபட்டது போக மீதி யார் வீட்டுச் சட்டிக்குப் போனது என்று யோசிப்பதில்லை.

2018 ஜூனில் கேரள அரசு ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் மீன் லாரிகளைச் சோதித்தது. ஆரியங்காவு சோதனைச் சாவடியில் மட்டும் 9,000 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. அது தமிழகக் கடற்கரையிலிருந்து சென்ற சரக்கு. அதில் ஃபார்மலின் கலந்திருந்தது.

ஃபார்மலின் என்பது பிணங்கள் அழுகாமல் இருக்கப் பயன்படுத்தும் திரவம். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. ஐஸ் செலவை மிச்சம் பிடிக்கவும், பழைய மீனைப் புதிதாகக் காட்டவும் சிலர் இதைச் சேர்க்கிறார்கள். நேர்மையாக விற்கும் மீனவர்களின் பிழைப்பும் இதனால் கெடுகிறது.

சட்டம் சொல்வது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 38-வது பிரிவின்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் சென்று சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகப்படும் உணவைப் பறிமுதல் செய்யலாம். தகுந்த காரணமின்றி வேண்டுமென்றே பறிமுதல் செய்தால், 39-வது பிரிவின்படி அவருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால், விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை; ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

நம்மில் பலர் அறியாதது 40-வது பிரிவு. வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் நாமே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை இருப்பது உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

வாங்கும்போது கவனிக்க

நல்ல மீனின் கண் தெளிவாக, சற்றுத் துருத்தி நிற்கும். செவுள் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும். கண் குழிந்து, சதை மட்டும் விறைத்து, மீன் வாடையே இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். கண்ணால் பார்த்து எல்லா ரசாயனத்தையும் கண்டுபிடித்துவிட முடியாது என்பதையும் நினைவில் கொள்வோம்.

சந்தேகம் வந்தால் மீனைத் தூக்கி எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். மறுநாள் அதே மீன் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பில்லையும் மீனையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுப்போம்.