ஊருக்குள் வந்த கண்ணாடிக் கடை



ஜமுக்காளம் விரித்த மேடை, மரப்பலகை அலமாரி, முழக்கோல், கல்லாப்பெட்டி என்றிருந்த நம் சிற்றூர்க் கடைவீதிகளில், குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கடைகள் எழுந்து நிற்கின்றன. பெருநகரங்களுக்கே உரியவையாயிருந்த மேக்ஸ், ட்ரெண்ட்ஸ் போன்ற ஆயத்த ஆடைக் கடைகள் நாடெங்கும் நடுத்தர ஊர்களை நாடி வந்துவிட்டன. டாட்டா குழுமத்தின் ஜூடியோ 2016-இல் தோன்றியது; 2025 மார்ச்சில் அதன் கடைகள் 700-ஐத் தாண்டிவிட்டன. அங்குள்ள ஆடைகளில் பெரும்பாலானவை 1,000 ரூபாய்க்கு உட்பட்டவை. பெருநாள் நெருங்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதனை உடனே பழித்துரைப்போர் உண்டு. சற்றுப் பொறுங்கள். ஆடை மானத்தை மறைப்பதற்கும் அழகுக்கும் இறைவன் இறக்கியருளிய கொடை என்றே திருமறையின் 7-ஆவது அத்தியாயம் அதனை அறிமுகப்படுத்துகிறது. நம் உடையும் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. தமிழக முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பெண்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியின் இடத்தைக் கறுப்புப் புர்கா பிடித்தது நம்மில் மூத்தோர் கண்முன் நடந்ததுதானே!

ஆகவே, ஆடையைவிடக் கொடுக்கல் வாங்கலையே நாம் உற்று நோக்கவேண்டும். ஜவுளி நமக்கு அந்நியமான தொழிலன்று. ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். வழியில் கண்ட தோழர்கள் தடுத்து, பொது நிதியிலிருந்து படி வழங்க ஏற்பாடு செய்தார்கள். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களும் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்களே. குறையுள்ள ஒரு துணியை, அக்குறையைச் சொல்ல மறந்து அவர்களுடைய கூட்டாளி விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று அறியமுடியவில்லை. வந்த பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது.

இந்த உரைகல்லில் நம் பழைய கடைகளையும் உரசிப் பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்னும் அறிவிப்பு எத்தனை கடைகளில் தொங்கியது! விற்ற பொருளை, வாங்கியவர் மனம் மாறி வந்தால், திரும்பப் பெற்றுக்கொள்வது நன்மை தரும் செயல் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, அதற்கு 'இகாலா' என்று பெயரே இருக்க, நாம் அதைக் கைவிட்டோம். புதிய கடைகளிலோ ரசீதைக் காட்டினால், குறித்த நாட்களுக்குள் மாற்றித் தருகிறார்கள். விலை சீட்டில் இருக்கிறது. பேரமில்லை, "என் பிள்ளைமேல் ஆணையாக இதுதான் அடக்கவிலை" என்ற சத்தியமும் இல்லை. இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுக் கூச்சம்தான். ஆயினும் உண்மை அது.

ஆனால் பழைய கடைக்காரரிடம் பற்றேடு ஒன்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தாமதமான மாதத்திலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் புத்தாடை உடுத்தினார்கள். கண்ணாடிக் கடையில் அட்டையைத் தேய்த்தும் கடன் பெறலாம். தவணை தவறினால் அதற்கு வட்டி உண்டு. வட்டியைப் பற்றி இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24-ஆம் நாள், வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேல்நாட்டுக் கடைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள், பெரும்பாலோர் பெண்கள். சுவரில் விரிசலை முந்திய நாளே கண்டிருந்தும் மறுநாள் வேலைக்கு ஏவப்பட்டார்கள். நம் நாட்டில், கடையில் நிற்கும் பெண்பிள்ளைகளுக்கு அமர இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. துணி எடுக்கப் போகுமிடத்தில், அது புதுக் கடையோ பழங் கடையோ, அந்த இருக்கை இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். இல்லையெனில் முதலாளியிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் காதில் ஏறும்.

இனி, நம் தெருத் தையற்காரர். வளரும் பிள்ளை என்று தையலுக்குள் துணி விட்டுத் தைப்பார். மறு ஆண்டு பிரித்துவிட்டால் அதே சட்டை இன்னொரு பெருநாளைக் காணும். கடையில் வாங்கிய உடைகளில் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. இப்போது அவரிடம் பெரும்பாலும் வருவது, கடையில் எடுத்த குர்தாவின் கையை நீட்டிக் கொடு, கழுத்தைக் குறைத்துக் கொடு என்ற வேலைதான். அதற்கும் அவர் வேண்டியிருக்கிறாரே! ஒரு பிள்ளைக்குக் கடையில் எடுத்தால், இன்னொரு பிள்ளைக்கு அவரிடம் தையுங்கள். துணியை ஷஃபான் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். ரமலான் பிறை பதினைந்தாகிவிட்டால் அவர் புதுத் துணி வாங்குவதில்லை.