கார்பெட்டுக்குள் காத்திருப்பவை

டிசம்பரில் பள்ளி விட்டதும் மெல்பர்னின் கிளென் வேவர்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்பிவிடும். பூனை ஐந்து வாரம் யாராவது நண்பர் வீட்டில். ஜனவரிக் கடைசியில் திரும்பி வந்து பெட்டிகளை ஹாலில் இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி, அப்புறம் இன்னொன்று. குனிந்து பார்த்தால் கரும்பழுப்பாக, எள்ளளவில் ஏதோ துள்ளி மறைகிறது. பூட்டிக் கிடந்த வீட்டில் பூனையும் இல்லை, மனிதரும் இல்லை. இத்தனை நாள் இவை எதைத் தின்று உயிரோடு இருந்தன?

எதையும் தின்னவில்லை. இது தெரிந்தால்தான் புதுப் பூனைக்குட்டியோடு வீட்டுக்குள் வரும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்க முடியும்.

உண்ணி வேறு, பேன் வேறு, தெள்ளு வேறு. உண்ணிக்கு எட்டுக் கால். கடித்த இடத்திலேயே தொங்கும். பேன் ஊரும், துள்ளாது. தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது, பக்கவாட்டில் நசுக்கிய உடம்பு. மெல்பர்ன் பூனைகளின் மேல் இருப்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம்தான். நாயின் மேல் இருப்பதும் அதுவே. ஆஸ்திரேலியா முழுவதும் கால்நடை மருத்துவமனைகளுக்கு வந்த நாய், பூனைகளிலிருந்து தெள்ளுகளைச் சேகரித்து ஆராய்ந்த சிட்னி பல்கலைக்கழகக் குழு 2011இல் இதை உறுதிப்படுத்தியது. ஆப்பிரிக்காவில் தோன்றி, ஐரோப்பியரின் கப்பல்களில் பூனை, நாய்களோடு இங்கே வந்து இறங்கிய இனம் இது.

பெண் தெள்ளு குட்டியின் மேல் ஏறி முதல் முறை ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். உச்சத்தில் நாளுக்கு 40, 50 முட்டை. முட்டை வழவழப்பானது, ரோமத்தில் ஒட்டாது. குட்டி சோபாவில் ஏறும்போதும் கட்டிலில் சுருளும்போதும் உதிர்ந்துகொண்டே போகும். சில நாளில் வெளிவரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்தது. கார்பெட் இழைகளின் அடிக்கு, சோபா மெத்தையின் மடிப்புக்கு, பலகைத் தரையின் இடுக்குக்கு இறங்கிவிடும். அதற்கு அங்கே சாப்பாடும் தயார். வளர்ந்த தெள்ளு குடிக்கும் ரத்தத்தில் பெரும்பகுதி செரிக்காமலே கழிவாகிக் கருந்துகளாகக் காய்ந்து முட்டைகளோடு சேர்ந்து உதிர்கிறது. பிள்ளைகள் தின்ன வேண்டும் என்பதற்காகவே தாய் அளவுக்கு மீறிக் குடிக்கிறாளோ என்று தோன்றும்.

புழு ஒன்றிரண்டு வாரத்தில் பட்டு நூற்றுக் கூடு கட்டும். கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் நூலும் ஒட்டி, கார்பெட்டின் அழுக்கோடு அழுக்காகிவிடும். பூச்சி மருந்து உள்ளே போகாது. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்த பிறகும் அவசரப்பட்டு வெளியே வராது. சூடு, அழுத்தம், மூச்சுக் காற்றின் கரியமில வாயு ஆகியவற்றுக்காகக் காத்திருக்கும். குளிர்ச்சியான இடத்தில் ஐந்து மாதம் வரைகூடக் காத்திருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் நாம் பெட்டியை உருட்டிக்கொண்டு நுழைந்ததும் சூடும் அதிர்வும் மூச்சும் ஒன்றாகக் கிடைத்துவிடுகின்றன. அத்தனை கூடும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கும்.

இதனால்தான் குட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துதான் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் கிடக்கும். துல்லியக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறலாம். குட்டியை மட்டும் கவனித்தால் போதாது என்பது மாறாது.

வெளியே வந்த தெள்ளின் துள்ளலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனமில்லை. தன் உடல் நீளத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் உயரத் தாவும் விசையை வெறும் தசையால் தர முடியாது. தசை அவ்வளவு வேகமாகச் சுருங்காது. 1967இல் ஆய்வாளர்கள் ஹென்றி பென்னட்-கிளார்க்கும் லூசியும் விடையைக் கண்டுபிடித்தார்கள். தெள்ளின் மார்புக்குள் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத் திண்டு இருக்கிறது. தசை அதை மெதுவாக அமுக்கிப் பூட்டி வைக்கும்; பூட்டு விலகியதும் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் அத்தனை விசையும் காலுக்கு வந்துவிடும். அந்த விசை தரையை உதைப்பது தொடையின் அடிப்பகுதியாலா, பாதத்தாலா என்பதில் பென்னட்-கிளார்க்குக்கும், தெள்ளுப் பூச்சிகளுக்கே வாழ்நாளைக் கொடுத்த மிரியம் ராத்ஸ்சைல்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 2011இல் கேம்பிரிட்ஜில் சட்டனும் பரோஸும் அதிவேகக் கேமராவில் பிடித்துப் பாதம்தான் என்று முடித்துவைத்தார்கள்.

மிரியமின் தந்தை சார்லஸ் ராத்ஸ்சைல்ட் பிளேக் பரப்பும் எலித் தெள்ளுக்கு 1903இல் பெயர் வைத்தவர். தெள்ளுக்கும் பிளேக்குக்கும் உள்ள தொடர்பை அதற்கு முன்பே, 1898இல் கராச்சியில், பால்-லூயி சிமோந்த் கண்டுபிடித்திருந்தார். அந்தக் காலத்துப் பிளேக்கின் நினைவு கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனாக இன்றும் கோயில் கொண்டிருக்கிறது. 1900இல் சிட்னியிலும் பிளேக் 100க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கிளென் வேவர்லி வீட்டில் துள்ளுவது அந்த இனமல்ல. பிளேக்கை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது குட்டியின் ரத்தத்துக்காக. ஒரு பெண் தெள்ளு நாளில் தன் எடையைப் போல 15 மடங்கு ரத்தம் குடிக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் டிரைடன் அளந்தார். ஏறக்குறைய 70 பெண் தெள்ளுகள் சேர்ந்தால் நாளுக்கு ஒரு மில்லிலிட்டர். அரைக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்தமே 30 மில்லிலிட்டர் அளவு ரத்தம்தான். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்து, குட்டியும் சோர்ந்து கிடந்தால், வேறெதுவும் செய்யாமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஈறு நன்றாக இருந்தால் பேன் சீப்பை எடுக்கலாம். கழுத்து, வால் அடி, வயிற்றுப் பக்கம் வாரி, வரும் கருந்துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். மண் என்றால் அப்படியே இருக்கும். தெள்ளின் கழிவு என்றால் சுற்றிலும் செம்பழுப்பு நிறம் பரவும். பிடிபட்ட தெள்ளை நகத்தில் நசுக்குவது கடினம், அதன் ஓடு அவ்வளவு உறுதி. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டினால் மூழ்கிச் சாகும்.

மருந்து விஷயத்தில் வயதும் எடையும்தான் முதல் கேள்வி. பின்கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் பல ஆறு முதல் எட்டு வாரம் தாண்டிய குட்டிக்குத்தான். நிடென்பைராம் மாத்திரை நான்கு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குக் கொடுக்கலாம். அரை மணியில் தெள்ளு உதிரத் தொடங்கும், ஆனால் ஓரிரு நாளில் அதன் வேலை முடிந்துவிடும். ஃபிப்ரோனில் ஸ்ப்ரே பிறந்து இரண்டு நாளான குட்டிக்கும் அனுமதிக்கப்பட்டது. அளவைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். எதற்குமே வயது போதாத சின்னஞ்சிறு குட்டிக்குச் சீப்பும், வெதுவெதுப்பான நீரில் துளி பாத்திர சோப்பும்தான். குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுங்கள். இல்லையென்றால் உடம்பிலிருக்கும் தெள்ளெல்லாம் முகத்துக்கு ஏறிவிடும். உடனே துவட்டிச் சூடாக வையுங்கள். குளிர் பட்டால் குட்டி தாங்காது.

நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குக் கால் பங்கு விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் கிடைக்கும் நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது நடுக்கமும் வலிப்பும் தந்து உயிரைக் குடிக்கும். சில வேதிப்பொருள்களைக் கல்லீரலில் கட்டி வெளியேற்றும் ஒரு நொதியின் மரபணு பூனைக் குடும்பம் முழுவதிலும், சிங்கம் புலி உட்பட, செயலிழந்து போயிருக்கிறது. ஒரு பனடோல் மாத்திரை பூனையைக் கொல்வது இதனால்தான். பெர்மெத்ரின் தாங்காததற்கும் கல்லீரலின் இந்தக் குறையையே காரணமாகச் சொல்கிறார்கள். நம் வீட்டு வைத்தியங்களும் இங்கே ஆபத்து. டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம், அந்துருண்டை எல்லாமே பூனைக்கு நஞ்சு. வேப்பெண்ணெய் தடவினால் குட்டி அதை நக்கி விழுங்கும். அதனால் நோய்ப்பட்ட பூனைகள் உண்டு. பூண்டு கலந்த சோறு ரத்த அணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

இனி வீடு. முதல் ஆயுதம் வாக்யூம் கிளீனர். உறிஞ்சிய தெள்ளு பைக்குள்ளிருந்து திரும்பி வந்துவிடும் என்று பையை எரிக்கச் சொல்பவர்கள் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007இல் சோதித்தபோது, உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் நூற்றுக்கு 96 செத்தன. புழுவும் கூடும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதைவிடப் பெரிய லாபம், அந்த அதிர்வு ஆழத்தில் கிடக்கும் கூடுகளை எழுப்பி விடுவது. பூனை படுக்கும் துணிகளை 60 பாகை வெந்நீரில் வாரம் ஒரு முறை துவைத்தால் முட்டைகள் போகும்.

வீட்டில் அடிக்கும் ஸ்ப்ரே வாங்கினால் அதில் மெத்தோப்ரீனோ பைரிப்ராக்சிஃபெனோ இருக்கிறதா என்று பாருங்கள். இவை பூச்சியைக் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கின்றன. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிராகிலிருந்து பூச்சி ஆய்வாளர் கரேல் ஸ்லாமா 1964இல் தன் சிவப்புப் பூச்சிகளோடு ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்கு வந்தார். அமெரிக்காவில் அந்தப் பூச்சிகள் வளர்ந்து முழுமையடைய மறுத்து, இளம் பருவத்திலேயே நின்று செத்தன. தீனி, தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கடைசியில் குற்றவாளி கண்ணாடிக் கிண்ணத்தில் விரித்த காகிதத் துண்டு என்று தெரிந்தது. நியூயார்க் டைம்ஸ் காகிதத்தில் வளர்த்தாலும் அதே கதி. லண்டன் டைம்ஸில் வளர்ந்தவை ஒழுங்காகப் பருவமடைந்தன. அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட பால்சம் ஃபர் மரத்தில், பூச்சியை இளமையிலேயே நிறுத்தும் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் இருந்தது. அந்த ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்ததே மெத்தோப்ரீன். அதை உருவாக்கிய சோய்கான் நிறுவனத்தை 1968இல் தொடங்கியவர் கார்ல் ஜெராசி. மனிதக் கருத்தடை மாத்திரைக்கு அடிப்படையான பொருளை 1951இல் மெக்சிகோவில் தயாரித்த குழுவை நடத்தியவர். இரண்டு வகை இனப்பெருக்கத்தையும் ஒரே ஆள் மறித்திருக்கிறார்!

அறைக்குள் திறந்து வைக்கும் புகைக் குண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். புகை மேலிருந்து கீழே படியும். கட்டிலுக்கு அடியிலும் சோபா மடிப்பிலும் போகாது, புழு இருப்பதோ அங்கேதான்.

சரி, கூட்டுக்குள் இருப்பதை என்ன செய்வது? அவை தாமாக வெளியே வரவேண்டும். அதனால் மருந்து போட்ட குட்டியை ஒரு அறையில் அடைக்காமல், வழக்கமாகப் போகும் இடமெல்லாம் நடமாட விடுங்கள். வெளிவரும் தெள்ளு அதன் மேல் தாவும், முட்டையிடும் முன்பே சாகும். மாதம் தவறாமல் மருந்து விழ வேண்டும். நாய் இருந்தால் அதற்கும், நாய்க்கு உரியதை. முதல் மூன்று நான்கு வாரத்தில் தெள்ளு கூடுவது போலத் தோன்றும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலரும் அப்போதுதான் கைவிடுகிறார்கள். கூடு காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் அர்த்தம். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மெல்பர்ன் குளிர்காலம் நம்மைக் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் தெள்ளுக்கு எப்போதும் வெயில்தான்.

இடையில் குட்டியின் வாலடியில் வெள்ளரிசி போல ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழுவின் முட்டையைத் தெள்ளுப் புழு தின்று, வளர்ந்த தெள்ளைக் குட்டி நக்கி விழுங்குவதால் வருவது. அதற்குத் தனி மாத்திரை உண்டு.

மூன்று மாதம் தாண்டியும் தெள்ளு குறையவில்லை என்றால் வீட்டுக்குக் கீழேயும் மேலேயும் பார்க்க வேண்டும். கிளென் வேவர்லியின் பழைய வீடுகளில் பலவும் மண்ணுக்கு மேல் கட்டைத் தூண்களில் நிற்பவை; தரைக்கு அடியில் நிழலான மண்ணில் அண்டை வீட்டுப் பூனை படுத்தால் அதுவே தெள்ளின் நாற்றங்கால். கூரைக்குள் பொசம் என்ற விலங்கு குடியிருந்தாலும் பூனைத் தெள்ளு அதன் மேல் ஏறும். விக்டோரியா மாநிலத்தில் பொசம் சட்டப்படி காக்கப்பட்ட விலங்கு. பிடித்தால் பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். அது இரை தேடி வெளியே போன இரவில் ஓட்டையை அடைப்பதுதான் வழி, பகலில் அடைத்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பொசம் போன பிறகு மேலே மிச்சமிருக்கும் தெள்ளு பசியோடு கீழே இறங்கும். அதனால் குட்டியின் சொட்டு மருந்தை அதன் பிறகும் இரண்டு மாதத்துக்கு நிறுத்தாதீர்கள்.