இயந்திரத்தின் நாடி



கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே, பத்து தீகாவில் 1968ஆம் ஆண்டு கார்ப் பந்தயத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. 2003இல் அஃது இடிக்கப்பட்டது. எனினும், அக்காலத்து விரைவுக் கார்களைச் சிலர் இன்றும் பேணி வருகின்றனர்.

கியர் நியூட்ரலில் இருக்க, பெடலை மிதிக்காதபோதும் இத்தகைய காரின் இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சீராகச் சுழலவேண்டும். அது திணறினால் பலர் உடனே கார்புரேட்டரின் திருகாணியைத் திருகுவர். அதனால் நோய் மறையுமேயன்றி நீங்காது.

இயந்திரம் ஆறியபின் பெரியோர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது அதன் முனையைப் பாருங்கள். இளம்பழுப்பு நிறமாயின் நலம். கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி; சோக் முழுதும் திறவாதிருக்கலாம். வெளுத்திருப்பின் காற்று மிகுதி; ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் இயந்திரம் நின்றுவிடுமாயின், கார்புரேட்டரின் சிறு துளையை அழுக்கு அடைத்திருக்கலாம். குறையைக் களைந்த பின்னரே திருகாணியைத் தொடுதல் வேண்டும்.

மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது; உயிரைப் பறிக்கும் நஞ்சு.

நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்க என்று வள்ளுவர் கூறிய அறிவுரை இயந்திரத்திற்கும் பொருந்துமன்றோ!