சிற்றூரின் குடிமதிப்பை வாசிக்கும் முறை

ஓர் ஊரை அறிய விரும்புவோர்க்கு முதற்கருவி அதன் குடிமதிப்பு அட்டவணையாகும். இந்தியாவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 69 பேர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கு தள்ளிப்போனமையால், 2011-ஆம் ஆண்டு எண்களையே இங்கு எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஊருக்கும் குடும்பங்கள், ஆண்கள், பெண்கள், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் எனத் தனித்தனியே எண்கள் தரப்பட்டுள்ளன. எந்த எண்ணை எதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்க்கே அவை பயன்படும்.

சான்றாக, இமயமலைப் பகுதியிலுள்ள உத்தரகண்ட் மாநிலத்தின் அல்மோரா மாவட்டத்தை நோக்குவோம். அங்கே பத்தில் ஒன்பது பேர் சிற்றூர் மக்கள். 1,000 ஆண்களுக்கு 1,139 பெண்கள் இருந்தனர். இந்தியா முழுமைக்கும் இவ்வெண் 943 மட்டுமே. அப்படியாயின், அல்மோரா பெண்மக்கள் சிறந்து வாழும் நாடு என்று முடிவு கட்டலாமா?

கூடாது. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த சிறு வயல்களின் விளைச்சல் குடும்பத்துக்குப் போதாது. ஆகவே ஆடவர் பலர் பட்டாளத்திற்கும் சமவெளி நகரங்களுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். வயலும் மாடும் பெண்கள் பொறுப்பில் நிற்கின்றன. பெண்கள் பெருகியதன்று, ஆண்கள் வெளியேறியதே காரணம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகையே சற்றுக் குறைந்துவிட்டது.

உண்மையை அறியக் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகும் வயது அவர்களுக்கு இல்லை. இயற்கையில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறப்பர். அல்மோராவை அடுத்த பித்தோராகர் மாவட்டத்தில் எல்லா வயதினரையும் சேர்த்தால் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் மட்டும் பெண்கள் 820-க்கும் குறைவு! கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று அறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. தடுத்தும் இந்நிலை. மொத்த எண்ணை மட்டும் கண்டவர்க்கு இக்குறை தெரியவே தெரியாது.

எழுத்தறிவு விகிதத்திலும் விழிப்பு வேண்டும். ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிந்தோர் ஆவர். ஏழு வயது நிரம்பாத குழந்தைகள் இக்கணக்கில் சேரார். 1,000 பேர் வாழும் ஓர் ஊரில் 150 பேர் அத்தகைய குழந்தைகள் எனக் கொள்வோம். எழுத்தறிந்தோர் 510 பேர் எனின், 510-ஐ 850-ஆல் வகுக்க வேண்டும். விடை நூற்றுக்கு 60, 51 அன்று. அதன்பின் ஆண், பெண் விகிதங்களைப் பிரித்து நோக்கினால்தான் பள்ளிக்கு வராத பெண்பிள்ளை கண்ணுக்குத் தெரிவாள். 2011-இல் இந்தியச் சிற்றூர்களில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 77; பெண்கள் 58.

மலாயாத் தோட்டங்களின் பழைய குடிமதிப்பில் ஆண்களே மிகுந்திருந்தனர். அவர்களை அனுப்பிய ஊர்களில் பெண்கள் தங்கி வயலைக் காத்தனர். ஒரிடத்து மிகுதி மற்றோரிடத்துக் குறைவு என்பதை நாம் நன்கு அறிவோம். ஆசிரியர்கள் கணக்குப் பாடத்தில் விகிதம் கற்பிக்கும்போது, இத்தகைய அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, "இந்த எண் ஏன் உயர்ந்தது? இது ஏன் தாழ்ந்தது?" என்று மாணவரைக் கேட்பாராக. எண்ணுக்குப் பின்னே மனிதர் இருக்கின்றனர் என்பதை அவர்கள் அப்போது உணர்வர்.